தெற்காசியச் சிறுமியர் கால்பந்து: சாஃப் வயதுப் பிரிவுப் போட்டிகள்

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பான சாஃப் 2017 முதல் வளரிளம் பெண்களுக்காக நடத்திவரும் பன்னாட்டுப் போட்டிக்கு நிலையான பெயர் ஒன்று இல்லை. முதலில் 15 வயதுக்குட்பட்டோர் போட்டி என்றார்கள். பிறகு 18, 19, 20, 17, 16 என்று பெயரிலுள்ள எண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆசியக் கூட்டமைப்பின் தகுதிச் சுற்றுக்கு எந்த வயது அணி தயாராக வேண்டியிருக்கிறதோ, பெரும்பாலும் அதையொட்டியே இந்த எண் அமைகிறது. எண்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தெரிவது இரண்டு கிளைகள்தான்: பள்ளி வயதுச் சிறுமியருக்கான இளைய பிரிவு, தேசிய அணியின் வாசலில் நிற்பவர்களுக்கான மூத்த பிரிவு. 2017 முதல் 2025 முடிய இரண்டு கிளைகளிலும் சேர்த்து 13 போட்டிகள் நடந்துள்ளன. அவற்றில் வங்காளதேசம் 6 பட்டங்களைத் தனியாகவும் ஒன்றை இந்தியாவுடன் பகிர்ந்தும் வென்றது. இந்தியா தனியாக வென்றவை 4. நேபாளத்துக்கு ஒன்று கிடைத்தது. எஞ்சிய ஒன்று, தெற்காசியாவுக்குத் தொடர்பே இல்லாத ரஷ்யாவுக்குப் போனது.

சாஃப் அமைப்பு 1997இல் உருவானது. ஆண்களுக்கான போட்டியை அது உடனே நடத்தத் தொடங்கிவிட்டது. மூத்த பெண்களுக்கான முதல் போட்டி நடக்க 2010 வரை, வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சிறுமியருக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. கடலூரிலிருந்து வந்து இந்திய அணியின் நடுக்களத்தைத் தாங்கிய இந்துமதி கதிரேசன் 1994இல் பிறந்தவர். முதல் சாஃப் சிறுமியர் போட்டி நடந்தபோது அவருக்கு 23 வயது. அவருடைய தலைமுறை அண்டை நாட்டு அணிகளோடு பிள்ளைப் பருவத்திலேயே மோதிப் பழக இந்த மேடை இருக்கவில்லை.

அதற்கு முன் இருந்த வாய்ப்பு, ஆசியக் கூட்டமைப்பு நடத்திய 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான மண்டலப் போட்டி. 2015 ஏப்ரலில் அது காத்மாண்டுவில் நடந்துகொண்டிருந்தது. இறுதியாட்டத்துக்கு நேபாளமும் வங்காளதேசமும் வந்திருந்த வேளையில், 25ஆம் தேதி பெரும் நிலநடுக்கம் நேபாளத்தை உலுக்கியது. ஆட்டம் நிற்க, பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள். எட்டு மாதம் கழித்து டிசம்பரில் அதே இறுதியாட்டத்துக்காக அதே நகரத்துக்கு மறுபடி வந்தார்கள். வங்காளதேசம் 1-0 என்று வென்றது. தெற்காசியப் பெண்கள் கால்பந்தின் பிற்காலக் கதையைப் படிக்கிறவர் தொடங்க வேண்டிய இடம் அந்த டிசம்பர் ஆட்டம்தான். அன்று ஆடிய வங்காளதேசச் சிறுமியரில் பலர்தான் ஏழு ஆண்டு கழித்துத் தங்கள் நாட்டுக்கு முதல் மூத்தோர் பட்டத்தைக் கொண்டுவந்தவர்கள்.

முதல் சாஃப் சிறுமியர் போட்டி 2017 டிசம்பரில், டாக்காவின் கமலாப்பூர் ரயில் நிலையத்தை அடுத்த செயற்கைப் புல்தரை மைதானத்தில் நடந்தது. இந்தியா, நேபாளம், பூட்டான், வங்காளதேசம் என நான்கு அணிகள். வங்காளதேசம் ஒரு கோலும் வாங்காமல் இறுதிக்கு வந்து, அதிலும் இந்தியாவை 1-0 என்று வென்றது. அணித்தலைவி மரியா மாண்டா, பயிற்சியாளர் கோலாம் ரப்பானி சோட்டன்.

மறு ஆண்டு போட்டி திம்புவுக்குப் போனது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்திலுள்ள சாங்லிமிதாங் அரங்கில் 2018 ஆகஸ்டில் 15 வயதுப் பிரிவும், செப்டம்பர் இறுதியில் தொடங்கி 18 வயதுப் பிரிவும் நடந்தன. இரண்டிலும் ஆறு அணிகள். எண்ணிக்கையில் இதுவரை இந்தப் போட்டி கண்ட உச்சம் அதுவே. ஆனால் அந்த ஆண்டின் கோல் கணக்குகள் வேறொரு சேதி சொல்கின்றன. 15 வயதுப் பிரிவில் வங்காளதேசம் பாகிஸ்தானை 14-0 என்றும், இந்தியா இலங்கையை 12-0 என்றும் வென்றன. 18 வயதுப் பிரிவில் பாகிஸ்தானுக்கு எதிராக வங்காளதேசம் 17 கோல் போட்டது. அவற்றில் ஏழு சிராத் ஜஹான் ஷோப்னா என்ற ஒருவருடையவை.

இப்படிப்பட்ட கணக்குகளைத் திறமைக் குறைவின் அடையாளமாக மட்டும் படிப்பது தவறு. பதினான்கு கோல் வாங்கிய அணியின் சிறுமியர் அதற்கு முன் எத்தனை பன்னாட்டு ஆட்டம் ஆடியிருந்தார்கள் என்ற கேள்வியையே முதலில் எழுப்ப வேண்டும். ஃபிஃபா பாகிஸ்தான் சங்கத்தை 2017 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை இடைநீக்கம் செய்திருந்தது. தடை நீங்கிய ஐந்தாவது மாதத்தில் அந்தச் சிறுமியர் திம்புவில் இறக்கிவிடப்பட்டார்கள். பின்னர் 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூன் வரை மறுபடி தடை. 2025 தொடக்கத்தில் மூன்றாவது முறை. இலங்கைச் சங்கம் 2023 ஜனவரியில் இடைநீக்கமாகி, அந்த ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த இரண்டு போட்டிகளின்போதும் தடையிலேயே இருந்தது. நிர்வாகிகளின் நாற்காலிச் சண்டைக்குத் தண்டனையாக வரும் இந்தத் தடைகளில் அதிகம் இழப்பவர்கள் சிறுமியர்தான். மூத்த ஆட்டக்காரர் ஓராண்டு போனாலும் அடுத்த ஆண்டு ஆடலாம். பதினைந்து வயதுப் பிரிவில் ஓராண்டு போனால் அந்த வயதே போய்விடும்.

இந்த வகைப் போட்டியை மதிப்பிட நல்ல அளவுகோல் கோப்பைப் பட்டியல் அல்ல. ஒரு சிறுமிக்கு எத்தனை ஆட்டம் கிடைத்தது என்பதே. அதை முடிவு செய்வது போட்டியின் அமைப்பு. 2018இல் ஆறு அணிகளும் மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு குரூப்களில் ஆடின. ஒவ்வொன்றிலும் கடைசி இடம் பிடித்த அணி இரண்டே ஆட்டத்தோடு ஊர் திரும்பியது. மாதக் கணக்கில் முகாம், பாஸ்போர்ட், விமானப் பயணம் எல்லாம் முடித்து மூன்று மணி நேர ஆட்டம். அதிகப் பயிற்சி தேவைப்படுகிற அணிக்கே குறைந்த ஆட்டம் கிடைக்கும் அமைப்பு அது. நான்கு அணிகள் ஒருமுறை லீக் ஆடி முதல் இரண்டும் இறுதிக்குப் போகும் முறையில் எல்லோருக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. 2022 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் இந்தியா, வங்காளதேசம், நேபாளம் என மூன்றே அணிகள் இரட்டைச் சுற்று லீக் ஆடியபோது தலைக்கு நான்கு கிடைத்தது. 2025இல் டாக்காவில் நடந்த 20 வயதுப் பிரிவும் திம்புவில் நடந்த 17 வயதுப் பிரிவும் நான்கு அணிகளின் இரட்டைச் சுற்றாக அமைந்தன. கடைசி இடம் பிடித்த அணிக்கும் ஆறு ஆட்டம். இறுதியாட்டம் என்ற பரபரப்பை இழந்தாலும் இந்த ஏற்பாடே பிள்ளைகளுக்கு நியாயமானது.

லீக் முறைக்கென்று ஒரு விந்தையும் உண்டு. ஜாம்ஷெட்பூரில் கடைசி ஆட்டத்தில் வங்காளதேசத்திடம் 0-1 என்று தோற்ற இந்தியாவே கோல் வித்தியாசத்தில் பட்டம் வென்றது. 2025 ஆகஸ்டில் திம்புவிலும் அதே கதை: முன்னரே பட்டத்தை உறுதி செய்துகொண்ட இந்தியா கடைசி ஆட்டத்தில் வங்காளதேசத்திடம் 3-4 என்று தோற்றுவிட்டுக் கோப்பையை வாங்கியது.

வங்காளதேசத்தின் ஏற்றத்துக்குக் காரணம் தேடிப் போனால் கால்பந்துச் சங்கத்தின் அலுவலகத்துக்கு முன்பாக வந்து நிற்பது தொடக்கப் பள்ளி. 2011இல் அந்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிச் சிறுமியருக்கென நாடு தழுவிய கால்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. ஊர்ப் பள்ளிகள் ஒன்றியத்திலும், ஒன்றியத்தில் வென்றவை மாவட்டத்திலும், பிறகு தேசிய அளவிலும் மோதின. மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயாவின் காரோ மலைகளுக்குக் கீழே, கல்சிந்தூர் என்ற கிராமம் இருக்கிறது. அந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பு முடிந்தபின் சிறுமியரைத் திரட்டிப் பந்து உதைக்கப் பழக்கினார்கள். அங்கிருந்து வந்தவர்கள் மரியா மாண்டா, சஞ்சிதா அக்தர், தஹுரா காதுன், ஷம்சுன்னஹார் உள்ளிட்ட ஒரு வரிசையே. மரியா காரோ பழங்குடியைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார், தாயின் வயல் கூலியில் வளர்ந்தார். பிள்ளைகளின் பெயர் நாடெங்கும் பரவிய பிறகுதான் அந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. வங்காளதேசத்தில் பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன் திருமணம் ஆகிவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பதினாறு வயதுப் பெண் டாக்கா முகாமில் காலை ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பதன் பொருள் விளங்கும்.

இன்னொரு ஊற்று சிட்டகாங் மலைப் பகுதி. ராங்காமாட்டி மாவட்டத்திலிருந்து கோல்கீப்பர் ரூப்னா சக்மாவும் விங்கர் ரிதுபோர்னா சக்மாவும், காக்ராச்சாரியிலிருந்து மோனிகா சக்மாவும் இரட்டைச் சகோதரிகளான அனாய் மோகினி, அனுச்சிங் மோகினி இருவரும் வந்தார்கள். 2021 டிசம்பரில் கமலாப்பூரில் 19 வயதுப் பிரிவு இறுதியாட்டம் கோலின்றி முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து அனாய் அடித்த பந்து இந்திய வலைக்குள் இறங்கியது. 1-0. தலைநகரத்து மேட்டுக்குடியிலிருந்து வெகு தூரத்தில் இருந்த சிறுபான்மையினரும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும்தான் அந்நாட்டுப் பெண்கள் கால்பந்தைக் கட்டி எழுப்பினார்கள்.

அவர்கள் நடத்தப்பட்ட விதம் எப்போதும் அதற்கு ஏற்றதாக இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் டாக்காவில் ஆசிய 16 வயதுப் பிரிவுத் தகுதிச் சுற்றை வென்று நாட்டுக்குப் பெருமை சேர்த்த கல்சிந்தூர்ச் சிறுமியர், போட்டி முடிந்ததும் துணைக்கு ஆளில்லாமல் சாதாரண லோக்கல் பேருந்தில் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வழியில் பயணிகள் சிலர் அவர்களைக் கேலி பேசித் துன்புறுத்தினர். செய்தி வெளிவந்தபோது நாடு கொதித்தது. ஆறு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 19 அன்று காத்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று மூத்தோர் சாஃப் பட்டத்தை முதல்முறை கைப்பற்றிய அணியில் அதே பிள்ளைகள் இருந்தார்கள். இறுதியாட்டத்துக்கு முன் சஞ்சிதா சமூக வலைத்தளத்தில் எழுதிய பதிவில் கூரையில்லாத பேருந்து ஊர்வலம் பற்றிக் குறிப்பிட்டிருந்தார். உடனே இரட்டை அடுக்குப் பேருந்து ஒன்றின் மேல்தளத்தை அறுத்தெடுத்து விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லட்சக்கணக்கான கண்கள் பார்க்க, டாக்கா வீதிகளில் அவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். இரண்டு பேருந்துகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க உதவிய படிகளில் முக்கியமானவை 2017, 2018, 2021 ஆண்டுகளின் சிறுமியர் போட்டிகள்.

2024இல் காத்மாண்டுவிலேயே நேபாளத்தை 2-1 என்று வென்று அப்பட்டம் தக்கவைக்கப்பட்டது. மோனிகாவும் ரிதுபோர்னாவும் கோல் போட்டார்கள். சிறந்த ஆட்டக்காரர் ரிதுபோர்னா, சிறந்த கோல்கீப்பர் ரூப்னா. 2025 ஜூலையில் யாங்கோனில் மியான்மாரை ரிதுபோர்னாவின் இரண்டு கோல்களால் வீழ்த்தி, வங்காளதேசப் பெண்கள் முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றனர். அதே 2025 ஜனவரியில் ஜெய்ப்பூர்ஹாட் மாவட்டத்தில் பெண்கள் கால்பந்தை எதிர்த்து வந்த கூட்டம் மைதான வேலியைப் பிய்த்தெறிய, ஆட்டம் ரத்தானது. எனவே கிராமத்துச் சிறுமிக்குப் பந்தாட்டம் முழுக்க அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட இன்னும் இடமில்லை.

இந்தியாவின் நிலை வேறு. மூத்தோர் பிரிவில் 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து சாஃப் பட்டங்களையும் அது தொடர்ந்து வென்றிருந்தது. மணிப்பூர், ஜார்க்கண்ட், ஹரியானா, தமிழ்நாடு என ஆள் எடுக்கப் பரந்த நிலம் உண்டு. தமிழ்நாடு 2018இல் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் வென்றது. மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2018-19 இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. ஆயினும் சிறுமியர் பிரிவில் இந்தியாவால் தனி ஆதிக்கம் செலுத்த முடியவில்லை. வங்காளதேசம் ஒரே கூட்டத்தை ஆண்டு முழுவதும் டாக்கா விடுதியில் வைத்துப் பழக்கியது. பரந்த நாட்டில் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கி, போட்டிக்கு முன் முகாம் கூட்டி அணி சேர்க்கும் வழக்கம் அதற்கு ஈடாகவில்லை என்பதே 2017 முதலான முடிவுகள் காட்டுவது. 2022 அக்டோபரில் இந்தியாவே நடத்திய 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் புவனேஸ்வரில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று தோற்றது, தெற்காசியாவுக்கு வெளியே உள்ள உயரம் எவ்வளவு என்பதையும் அளந்து காட்டியது.

நேபாளத்தின் கதை நெஞ்சைத் தொடுவது. மூத்தோர் சாஃப் போட்டியில் 2010, 2012, 2014, 2019, 2022, 2024 என ஆறு முறை இறுதியாட்டத்துக்கு வந்து ஆறிலும் தோற்ற நாடு அது. 2022 நவம்பரில் டாக்காவில் இந்தியா இல்லாமல் மூன்று அணிகளோடு நடந்த 15 வயதுப் பிரிவில் பட்டத்தை எட்டியவர்கள் நேபாளச் சிறுமியர். பெரியவர்கள் கைக்கு எட்டாத பட்டத்தைப் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பூட்டானோ கோப்பைக் கணக்கில் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் அணி அனுப்பியிருக்கிறது. இந்தத் தொடர்ச்சி இலங்கையிடமும் மாலத்தீவிடமும் பாகிஸ்தானிடமும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி போன்ற பள்ளிகளில் சிறுமியர் கால்பந்து ஊறிக் கிடக்கும் இலங்கை, பிள்ளைகளை இத்தனை முறை இந்த மேடைக்கு அனுப்பத் தவறியது பெரும் இழப்பு.

2023 மார்ச்சில் 17 வயதுப் பிரிவில் ரஷ்யா விருந்தினராக ஆடியது. உக்ரைன் போரையடுத்து ஃபிஃபாவின், ஐரோப்பியக் கூட்டமைப்பின் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த நாடு அது. நான்கு ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. உடற்கட்டிலும் வேகத்திலும் வேறு தரத்து அணியைத் தெற்காசியச் சிறுமியர் சந்தித்தது பயன்தான். ஆனால் ஒரு வட்டாரப் போட்டியின் பட்டத்தையே விருந்தினருக்குத் திறந்துவைத்தது சரியான ஏற்பாடு அல்ல. புள்ளிப் பட்டியலுக்கு வெளியே வைத்து ஆடவிட்டிருக்கலாம்.

இந்தப் போட்டியின் வரலாற்றில் மறக்க முடியாத இரவு 2024 பிப்ரவரி 8. கமலாப்பூரில் 19 வயதுப் பிரிவு இறுதியாட்டம். எட்டாவது நிமிடத்திலேயே சிபானி தேவி இந்தியாவுக்கு கோல் போட்டார். தொண்ணூறு நிமிடமும் அந்த ஒரு கோல் நின்றது. நடுவர் சேர்த்த இழப்பீட்டு நிமிடங்களில் வங்காளதேசத்தின் சாகரிகா பந்தை வலைக்குள் அனுப்ப, 1-1. பெனால்டி தொடங்கியது. ஐந்து உதைகளில் தீரவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று போய், கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் ஒருவருக்கெதிரே ஒருவர் உதைத்தார்கள். ஒருவரும் தவறவிடவில்லை: 11-11. விதிப்படி அடுத்து செய்ய வேண்டியது, முதலிலிருந்து அடுத்த சுற்று உதையைத் தொடங்குவது. ஆனால் ஆட்ட ஆணையரின் முடிவுப்படி நடுவர் அணித்தலைவிகளை அழைத்து நாணயத்தைச் சுண்டினார். இந்தியா டாஸில் வென்றது. இந்தியச் சிறுமியர் துள்ளிக் குதித்துக் கொண்டாட, வங்காளதேசச் சிறுமியர் மைதானத்தை விட்டு நகர மறுத்தார்கள்.

விதி வங்காளதேசத்தின் பக்கம் இருந்தது. கால்பந்தில் நாணயம் சுண்டி வெற்றி சொல்வது பழைய காலத்து வழக்கம். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி சோவியத் யூனியனை வென்றது அப்படித்தான். அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் 1970இல் பெனால்டி உதைமுறை விதியாக வந்தது. ஆணையர் தவற்றை உணர்ந்து உதையைத் தொடரச் சொன்னபோது, வென்றதாக அறிவிக்கப்பட்டுக் கொண்டாடிவிட்ட இந்தியச் சிறுமியர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீண்ட இழுபறிக்குப் பின் இரு நாடுகளும் கூட்டுச் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது. இருபத்திரண்டு பெண் பிள்ளைகள் நெஞ்சு பதறாமல் இருபத்திரண்டு உதையையும் உள்ளே அடித்த ஆட்டம் அது. அந்தச் சாதனை பேசப்படாமல் நாணயம் பேசப்பட்டது வருத்தத்துக்குரியது. அடுத்த மாதமே நேபாளத்தில் 16 வயதுப் பிரிவு இறுதியில் இதே இரு நாடுகளும் 1-1 என்று நின்றன. இம்முறை நாணயம் தேவைப்படவில்லை. கோல்கீப்பர் யார்ஸான் பேகம் உதைகளைத் தடுக்க, வங்காளதேசம் 3-2 என்று வென்றது.

2025 ஜூலையில் டாக்காவில் நடந்த 20 வயதுப் பிரிவுக்கு இந்தியா வரவில்லை. வங்காளதேசம் ஆறு ஆட்டத்தையும் வென்றது. நேபாளத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தின் நான்கு கோலும் சாகரிகாவுடையவை. அடுத்த மாதமே வங்காளதேசமும் இந்தியாவும் ஆசிய 20 வயதுப் பிரிவுத் தகுதிச் சுற்றுக்குப் போயின. வங்காளதேசம் வியெந்தியானில் லாவோஸை 3-1, திமோர்-லெஸ்தேயை 8-0 என்று வென்று, தென் கொரியாவிடம் 1-6 என்று தோற்றும், சிறந்த இரண்டாமிட அணிகளுள் ஒன்றாக வரலாற்றில் முதன்முறை தேறியது. இந்தியா யாங்கோனில் மியான்மாரை 1-0 என்று வென்று இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிரிவுக்குள் நுழைந்தது. கமலாப்பூரில் நாணயத்துக்காகச் சண்டையிட்ட தலைமுறையின் இரு அணிகளும் தாய்லாந்தில் 2026ஆம் ஆண்டுக்கான ஆசியப் போட்டிக்கு ஒருசேரத் தகுதி பெற்றன.